கொழும்பில் தாதியாக முதல் வேலை: சம்பளமும் சலுகையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வரும் பிள்ளைகளும், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் என்னிடம் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். நேர்முகத் தேர்வு முடிந்திருக்கும். நியமனக் கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, கையெழுத்துப் போடட்டுமா?" என்பார்கள். பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே கையெழுத்திட வேண்டிய கடிதமாக இருக்கும். அதற்குள் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல நேரம் போதாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்திருக்கிறேன். பின்னர் ஆட்களைத் தெரிவு செய்யும் மேசையின் மறுபுறத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் கண்டது இதில் இருக்கிறது. டிப்ளோமாவோ பட்டமோ முடித்து முதல் வேலை தேடுகிறவர்களுக்காக எழுதியது. ஆண் தாதியருக்கும் இதே கணக்குத்தான்.

அக்கா, புதிதாகச் சேருகிற நான் சம்பளம் பேசலாமா? திமிர் என்று நினைக்க மாட்டார்களா?

பேசலாம், பேசத்தான் வேண்டும். மரியாதையாகச் சம்பளம் கேட்டார் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிட்டதை நான் கண்டதில்லை. நிர்வாகத்திடம் ஒரு பதவிக்குக் கீழெல்லை, மேலெல்லை என்று இரண்டு தொகைகள் இருக்கும். கேட்காதவர்களுக்குக் கீழெல்லை போய்ச் சேரும். கேட்டவர்களுக்கு மேலெல்லை கிடைக்காமல் போனாலும் நடுவில் ஏதாவது கிடைக்கும். கொடுக்க முடியாவிட்டால் முடியாது என்பார்கள், அவ்வளவுதான்.

நேரந்தான் முக்கியம். நேர்முகத் தேர்வில் முதல் பத்து நிமிடத்துக்குள் சம்பளத்தைத் தொடாதீர்கள். உங்களைத் தெரிவு செய்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகு, நீங்கள் கையெழுத்திடும் முன்பு ஓர் இடைவெளி இருக்கிறது. அப்போதுதான் உங்கள் பேச்சுக்கு எடை அதிகம். கையெழுத்திட்ட மறுநாள் அந்த எடை இருக்காது.

அரசாங்க வைத்தியசாலையிலும் இப்படிப் பேசலாமா?

முடியாது. அரசாங்கத் தாதியர் சேவையில் சம்பளத் திட்டம், படிமுறை, கொடுப்பனவு எல்லாம் சுற்றறிக்கையால் நிர்ணயிக்கப்படுபவை. தனியாள் பேசி மாற்ற இடமில்லை. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் தனியார் வைத்தியசாலைகளுக்கு உரியது. எங்கே சேர்ந்தாலும் தாதியர் சபைப் பதிவை முதலில் பாருங்கள். அது 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. சம்பளம் பேசும்போது பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பதற்கும் "விண்ணப்பித்திருக்கிறேன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சரி, எவ்வளவு கேட்பது? ஒரு தொகை சொல்லுங்கள்.

தொகை சொல்ல மாட்டேன். நான் இன்று சொல்லும் தொகை அடுத்த வருடம் உங்களுக்குப் பாதகமாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். மூன்று பேரிடம் கேளுங்கள்: உங்களோடு படித்து வேறு வைத்தியசாலையில் சேர்ந்த ஒருவர், நீங்கள் சேரப்போகும் இடத்தில் இரண்டு வருடமாக இருக்கும் ஒருவர், அந்த இடத்தை விட்டு விலகிய ஒருவர். மூன்றாமவரை மறந்துவிடாதீர்கள்; உண்மையை அதிகம் சொல்பவர் அவர்தான். "எவ்வளவு வாங்குகிறாய்?" என்று மட்டும் கேட்டால் பதில் பயன்படாது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, அதற்காக மாதத்தில் எத்தனை மணி நேரம் மேலதிகமாக வேலை செய்கிறாய் என்று பிரித்துக் கேளுங்கள்.

பிறகு உங்கள் செலவை எழுதுங்கள். வெள்ளவத்தையிலோ நாரஹேன்பிட்டியிலோ போடிங் (தங்கும் அறை) வாடகை, சாப்பாடு, பஸ், இரவுக் கடமை நாட்களில் ஆட்டோ, வீட்டுக்கு அனுப்பும் காசு. இதற்குக் கீழே போனால் சேரமாட்டேன் என்ற தொகை ஒன்றும், கேட்கப்போகும் தொகை ஒன்றும் மனத்தில் இருக்கட்டும். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அது எந்தத் தொழிலாளிக்கும் சட்டம் தரும் கடைசித் தரை. பயிற்சி பெற்ற ஒரு தாதியின் பேச்சு அந்தத் தரையிலிருந்து தொடங்கக் கூடாது.

"நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று அவர்கள் முதலில் கேட்டால்?

"இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் அடிப்படைச் சம்பளம் எந்த அளவில் இருக்கிறது என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்" என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். மறுபடியும் உங்களையே சொல்லச் சொன்னால் சுற்றி வளைக்காதீர்கள். கேட்கப்போகும் தொகையைத் தெளிவாகச் சொல்லி, ஒரே ஒரு காரணம் கொடுங்கள்: "பயிற்சிக் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடமை செய்திருக்கிறேன். அதைக் கருத்தில் கொண்டு அடிப்படைச் சம்பளம் இவ்வளவு என்றால் உடனே சேர முடியும்." அதன் பிறகு பேசாமல் இருங்கள். மௌனம் தாங்காமல் நம் பிள்ளைகள் "பரவாயில்லை சேர், குறைவாக இருந்தாலும் சரி" என்று தாங்களே தொகையை இறக்கிவிடுகிறார்கள். எத்தனையோ முறை இதை எதிரே இருந்து பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

வீட்டுக் கஷ்டத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். அப்பாவுக்குச் சுகமில்லை, தம்பி படிக்கிறான் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது கேட்பவருக்கு இரக்கத்தைத் தருமே தவிர, அதிகாரியிடம் போய் உங்களுக்காக வாதாடுவதற்கு ஒரு காரணத்தைத் தராது. உங்கள் வேலையால் வார்டுக்கு என்ன பயன் என்று சொன்னால் அதை அவர் மேலே எடுத்துச் செல்வார்.

மொத்தம் தொண்ணூறாயிரம் என்கிறார்கள். நல்ல சம்பளந்தானே?

மொத்தத்தைப் பார்த்து மகிழ்கிற பழக்கந்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. இரண்டு வைத்தியசாலைகளும் 90,000 ரூபா தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள், சந்தை நிலவரம் அல்ல. முதலாவது இடத்தில் அடிப்படை 48,000, மீதி 42,000 கொடுப்பனவு. இரண்டாவது இடத்தில் அடிப்படை 72,000, கொடுப்பனவு 18,000. மேலதிக நேரத்துக்கு அடிப்படைச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கண்டு, அதில் ஒன்றரை மடங்கு கொடுக்கிறார்கள் என்று கொள்வோம். முதல் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபா, இரண்டாவதில் 450 ரூபா. மாதம் 40 மணி நேரம் மேலதிகமாக நின்றால் 12,000 எங்கே, 18,000 எங்கே?

இதோடு முடியவில்லை. கொடுப்பனவுகளை எல்லாம் ஊழியர் நிதிகளின் (பிற்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) கணக்குக்கு வெளியே வைத்திருக்கிறார்கள் என்றால், நிர்வாகம் உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் கட்டும் 15 சதவீதம் முதல் இடத்தில் 7,200, இரண்டாவதில் 10,800. ஐந்து வருடம் கழித்து விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. சம்பளம் மாறாவிட்டால்கூட அது 120,000 ஆகவும் 180,000 ஆகவும் வரும். இரண்டாவது இடத்தில் சேமலாப நிதிக்காக உங்கள் சம்பளத்தில் வெட்டும் 8 சதவீதக் கழிவு மாதம் 1,920 ரூபா கூடுதலாக இருக்கும், அதையும் மறைக்கவில்லை. அந்தக் காசு உங்கள் கணக்கில்தான் சேருகிறது.

கொடுப்பனவுக்கு இன்னொரு குணமும் உண்டு. வருகைக் கொடுப்பனவு என்று பெயர் வைத்திருந்தால், காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தாலே அது போய்விடும். ஊக்குவிப்புக் கொடுப்பனவு என்றால் வைத்தியசாலைக்கு நோயாளர் வரவு குறைகிற மாதத்தில் அதுவும் குறையும். அடிப்படைச் சம்பளத்தை அப்படித் தொட முடியாது. எனவே ஒரு விடயத்துக்காக மட்டுமே வாதாடும் தைரியம் இருக்கிறது என்றால், அடிப்படைச் சம்பளத்துக்காக வாதாடுங்கள். "மொத்தம் அப்படியே இருக்கட்டும், கொடுப்பனவிலிருந்து பத்தாயிரத்தை அடிப்படைக்கு மாற்றித் தர முடியுமா?" என்பது கேட்க எளிதான கேள்வி. கேட்பவர்கள்தான் மிகக் குறைவு.

சேமலாப நிதி, நம்பிக்கை நிதி இரண்டையும் என் சம்பளத்தில்தான் வெட்டுகிறார்கள். சரிதானா?

சரியில்லை. உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடியது சேமலாப நிதிக்கான 8 சதவீதம் மட்டும். அதே நிதிக்கு வேலை கொடுப்பவர் தம் பையிலிருந்து 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதம் முழுவதும் அவருடையது. "எல்லாம் சேர்த்துத்தான் உங்கள் சம்பளம்" என்று சொல்லி 12 சதவீதத்தையும் உங்கள் தலையில் கட்டினால், அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாமல் விளக்கம் கேளுங்கள்.

தகுதிகாண் காலத்திலும், முதல் நாளிலிருந்தே, இந்த நிதிகள் கட்டப்பட வேண்டும். நிரந்தரமான பிறகுதான் கட்டுவோம் என்பது சட்டத்துக்கு மாறானது. மேலதிக நேரக் காசு நிதிக் கணக்கில் சேராது. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு போன்றவை சேரும். வருமான வரி பற்றியும் கேட்கிறார்கள்: 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரை சம்பளத்துக்கு வரி இல்லை. தொடக்கத்தில் அது உங்கள் தலைவலி அல்ல.

பன்னிரண்டு மணி நேரக் கடமை என்கிறார்கள். மேலதிக நேரம் எப்போது தொடங்கும்?

கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. உங்கள் வைத்தியசாலை எந்தச் சட்டத்தின் கீழ் கணக்குப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துச் சிறு மாற்றங்கள் வரும். ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு எத்தனை மணி? ஒரு மணி நேரச் சம்பளத்தை எந்த எண்ணால் வகுத்துக் கணக்கிடுகிறீர்கள்? கடமை ஒப்படைக்கும் நேரம் கணக்கில் வருமா?

மூன்றாவது கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு இரவுக் கடமை முடிந்தாலும், நோயாளர் குறிப்பை அடுத்தவரிடம் சொல்லி, ஆபத்தான மருந்துகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வர ஏழரை ஆகிவிடும். மாதத்தில் இருபது கடமை என்றால் அந்த அரை மணி நேரங்கள் சேர்ந்து பத்து மணி நேரம். விரல் அடையாளம் வைக்கும் இயந்திரம் அதைப் பதிவு செய்கிறது. சம்பளச் சீட்டு காட்டுகிறதா என்று பாருங்கள்.

போயாவுக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேலை செய்தால்?

பௌர்ணமிப் போயா அன்று வேலை செய்தால் அந்த நாளுக்கு ஒன்றரை மடங்கு. தைப்பொங்கல், புத்தாண்டு, மே தினம், நத்தார் போன்ற சட்டபூர்வ விடுமுறைகளில் கடமை போட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்துடன் மாற்று விடுமுறை. தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை. அது அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் விடுமுறை, தனியார் துறைக்குச் சட்டபூர்வ விடுமுறை அல்ல. முதல் வருடம் தீபாவளிக்கு இரவுக் கடமை விழுந்து கண்கலங்கிய பிள்ளைகள் பலர். சேரும்போதே "தீபாவளிக்கு எனக்கு விடுமுறை, நத்தாருக்கோ வெசாக்குக்கோ நான் நிற்கிறேன்" என்று பேசி வையுங்கள். பொறுப்புத் தாதிக்கும் அது வசதியாகவே இருக்கும்.

சம்பளத்தில் ஒரு சதமும் கூட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறென்ன கேட்கலாம்?

காசாக வராத பலவற்றை நிர்வாகம் எளிதில் தரும், ஏனென்றால் அவற்றுக்குச் சம்பளப் பட்டியலில் இடம் தேவையில்லை. இரவுக் கடமை முடிந்து போக வாகனம், அல்லது அதற்கான காசு. கடமை நேரத்தில் சாப்பாடு. ஆண்டுக்கு இத்தனை சோடிச் சீருடை, காலணியோடு. உங்களுக்கு மட்டுமல்லாமல் பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவக் காப்புறுதி, அல்லது குடும்பத்தினருக்குச் சிகிச்சைக் கட்டணத்தில் கழிவு. பெற்றோர் ஊரில் இருந்து சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வருகிறவர்கள் என்றால் இந்தக் கடைசிச் சலுகை மட்டுமே பல மாதச் சம்பள உயர்வுக்குச் சமம்.

பயிற்சியைக் கேளுங்கள். இதய சிகிச்சைப் பிரிவு, சிறுநீரகச் சுத்திகரிப்பு, சத்திரசிகிச்சைக் கூடம், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றில் ஆறு மாதத்துக்குள் பயிற்சி தருவதாக எழுத்தில் வாங்கினால், அடுத்த சம்பளப் பேச்சில் உங்கள் கை ஓங்கியிருக்கும். திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடர்பவர்கள் வகுப்பு நாட்களிலும் பரீட்சை நாட்களிலும் கடமை இல்லாதபடி பட்டியல் போட முடியுமா என்று கேட்கலாம்.

ஒன்றை மட்டும் சலுகையாக நினைத்து வேண்டிக் கேட்காதீர்கள்: ஊசிக் காயப் பாதுகாப்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை, முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற கணக்கில் போடப்படுகிறது. செலவு யாருடையது என்று கேளுங்கள். கடமையில் ஊசி குத்தினால் நள்ளிரவில் யாரை அழைப்பது, பரிசோதனைக்கு யார் காசு கட்டுவது என்றும் கேளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. "நாளை அலுவலகம் திறந்ததும் பார்க்கலாம்" என்று பதில் வரும் இடத்தில் சம்பளம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

தங்குமிடம் இலவசம் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். எடுக்கலாமா?

ஊரிலிருந்து முதன்முறை வருகிற பெண்பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் அது நல்லதுதான். வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் வெளியே போடிங் எடுத்தால் என்ன செலவாகும் என்ற தொகையோடு குறைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியேறினால் குறைத்த தொகை சம்பளத்தில் திரும்பிச் சேருமா என்பதுதான் பெரிய கேள்வி. சேருமானால் அது எழுத்தில் இருக்கட்டும். வைத்தியசாலை வளாகத்திலேயே தங்கினால், யாராவது வராத இரவுகளில் கதவைத் தட்டி எழுப்புவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த மணி நேரங்களும் மேலே சொன்ன மேலதிக நேரக் கணக்கில் வர வேண்டும்.

எனக்குச் சிங்களம் சரியாக வராது, ஆங்கிலமும் தடுமாறும். எப்படிப் பேசுவது?

எழுதிப் பேசுங்கள். நேரில் "யோசித்து நாளை பதில் தருகிறேன்" என்று சொல்வதற்கு எந்த மொழியிலும் நான்கு சொற்கள் போதும். அன்று இரவு, தெரிந்தவர் ஒருவரின் உதவியோடு ஆங்கிலத்தில் ஆறேழு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள்: நன்றி, சேர விருப்பம், இந்த இரண்டு விடயங்களில் மாற்றம் வேண்டும், காரணம் இது. எழுத்தில் போனால் பதிலும் எழுத்தில் வரும்.

இதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் தமிழைக் குறையாக நினைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகாதீர்கள். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு வரும் நோயாளர்கள் எத்தனை பேர்! மயக்க மருந்துக்கு முன் என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை ஒவ்வாது, வலி எங்கே பரவுகிறது என்பதை அவர்கள் மொழியில் கேட்டு அறியக் கூடிய தாதி அந்த வார்டில் உயிர் காக்கிறார். உங்களை அடிக்கடி மொழிபெயர்க்க அழைப்பார்கள் என்பது நிச்சயம். அந்த வேலைக்கு ஒரு மொழிக் கொடுப்பனவு தர முடியுமா என்று கேட்பது முற்றிலும் நியாயம். சிங்களம் படிக்க ஆறு மாத அவகாசமும் சேர்த்துக் கேளுங்கள், படிக்கவும் செய்யுங்கள்.

தகுதிகாண் காலம் முடிந்ததும் கூட்டித் தருவோம் என்கிறார்கள். நம்பலாமா?

எவ்வளவு, எந்தத் திகதியிலிருந்து என்று கடிதத்தில் இருந்தால் நம்பலாம். "மதிப்பீட்டுக்குப் பின் பரிசீலிக்கப்படும்" என்ற வாசகத்துக்குப் பெறுமதி எதுவும் இல்லை. "ஆறு மாத முடிவில் அடிப்படைச் சம்பளம் இவ்வளவாக உயரும்" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். மறுத்தால், "ஆறாவது மாதத்தில் சம்பளம் பற்றிப் பேசப்படும்" என்றாவது போடச் சொல்லுங்கள். அந்த நாள் வரும்போது நீங்கள் புதிதாகப் பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை, கடிதத்தைக் காட்டினால் போதும்.

நேரில் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். கடிதத்தில் பாதி இல்லை.

பெரும்பாலும் அது வஞ்சகம் அல்ல. பேசியவர் மேற்றன் (தாதியரின் தலைவி), கடிதம் அடித்தவர் மனிதவளப் பிரிவில் வேறொருவர். அன்றே எழுதுங்கள்: "நேற்றுப் பேசியபடி இரவுக் கடமைக்கான வாகனமும் ஆறாம் மாத உயர்வும் கடிதத்தில் விடுபட்டிருக்கின்றன. சேர்த்து அனுப்பினால் கையெழுத்திட்டுத் தருகிறேன்." சேர்க்க மறுத்தால் அது அவர்கள் தரும் பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேற்றன் அடுத்த மாதம் மாற்றலாகிப் போனால் அவருடைய வாக்கும் கூடவே போய்விடும்.

மூன்று வருடம் விலகக் கூடாது என்று பிணைமுறி கேட்கிறார்கள். மூலச் சான்றிதழையும் தரச் சொல்கிறார்கள்.

பிணைமுறி எல்லாமே கெட்டதல்ல. உங்களை அவர்கள் செலவில் படிப்பித்திருந்தால் சில வருடம் வேலை செய்யச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நீங்கள் சொந்தக் காசில் படித்து வந்த பிறகு, வெறும் அறிமுகப் பயிற்சிக்காகப் பல இலட்சம் ரூபா பிணை கேட்டால் அது வேறு. எந்தச் செலவுக்காக இந்தத் தொகை என்று பட்டியல் கேளுங்கள். காலம் போகப் போகத் தொகை குறைய வேண்டும் என்று கேளுங்கள்: மூன்று வருடத்தில் இரண்டை முடித்தவர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கட்டினால் போதும் என்று. உங்களுக்காகப் பிணை நிற்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். மாமாவையோ அயல்வீட்டு ஆசிரியரையோ கையெழுத்திடச் செய்துவிட்டு நீங்கள் விலகினால் கடிதம் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும்.

மூலச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், உறுதிப்படுத்திய பிரதியை வைத்துக்கொள்ளட்டும். ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள், இன்ன திகதியில் இன்ன ஆவணங்கள் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று கையெழுத்துடன் ஒரு துண்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். இந்த விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் வேறெங்கும் விண்ணப்பிக்க முடியாது, அதற்காகவேதான் அதைக் கேட்கிறார்கள்.

எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். என்ன சொல்வது?

"வேலையைப் பாதிக்கும் எந்தத் திட்டமும் இப்போது இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். பிரசவ விடுமுறை உங்கள் உரிமை, பேரம் பேசிப் பெறும் சலுகை அல்ல: 84 நாள், சம்பளத்துடன். 2018 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது குழந்தை என்ற வேறுபாடும் இல்லை. கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. சேர்ந்து இத்தனை வருடம் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று ஒரு வரி கடிதத்தில் இருந்தால் அதை நீக்கும்வரை கையெழுத்திடாதீர்கள். பேச வேண்டியது, கர்ப்ப காலத்தில் இரவுக் கடமையிலிருந்தும் கதிர்வீச்சுப் பிரிவிலிருந்தும் மாற்றித் தருவார்களா என்பது.

என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவளுக்கு என்னைவிடக் கூடுதலாம். போய்க் கேட்கட்டுமா?

கேளுங்கள், அவள் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பெயர் சொன்னால் பேச்சு உங்கள் சம்பளத்தை விட்டு அவள் ஏன் வெளியே சொன்னாள் என்பதற்குத் திரும்பிவிடும், அவளுக்கும் சிக்கல். முதலில் இருவர் சம்பளச் சீட்டுகளையும் தொண்ணூறாயிரம் கணக்கில் பிரித்ததுபோல் பிரித்துப் பாருங்கள். வித்தியாசம் மேலதிக நேரத்தில் மட்டும் இருக்கலாம். அடிப்படையிலேயே வித்தியாசம் என்றால், உங்கள் வேலைக்கான சான்றுகளைத் திரட்டிக்கொண்டு போங்கள்: தனியாகப் பொறுப்பேற்ற இரவுகள், முடித்த பயிற்சிகள், நோயாளர் எழுதிவைத்த பாராட்டு. பேசுவதற்கு வருடாந்த உயர்வுக்கு இரண்டு மாதம் முன்பு நல்ல நேரம். உயர்வுப் பட்டியல் தயாரான பிறகு போனால் அடுத்த வருடம் என்பார்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர் ஆனால் வைத்தியர் அளவுக்குச் சம்பளமாமே? இங்கே அந்தப் பதவி தருவதாக ஓரிடத்தில் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் 1965 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்த பதவி அது. அங்கே முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ படித்து, மாநில உரிமம் பெற்று, நோயை நிர்ணயித்து மருந்தும் எழுதுகிறார்கள். சம்பளம் பேசும் முறையும் அந்தப் பொறுப்புக்கு ஏற்ப வேறு. இலங்கையில் தாதிக்கு அப்படி மருந்து எழுதும் தனி உரிமம் இல்லை. ஆகவே அந்தப் பெயரைச் சட்டையில் குத்தித் தருகிறார்கள் என்றால், கடமைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். உங்கள் உரிமத்துக்கு அப்பாற்பட்ட வேலை அதில் இருந்தால், தவறு நேரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த ஆபத்தை எந்தக் கொடுப்பனவும் ஈடு செய்யாது. பெயர் பெரிதாக இருந்து அடிப்படைச் சம்பளம் பழையபடியே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நிதிப் பணம் கட்டப்படவேயில்லை, மேலதிக நேரமும் வரவில்லை. வேலையை இழக்காமல் என்ன செய்யலாம்?

உங்கள் கையில் ஆவணம் இருக்கட்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், கடமைப் பட்டியலின் படங்கள், வந்துபோன நேரத்தை நீங்களே எழுதிய குறிப்பேடு. ஒவ்வொரு மாதத்துக்கான சேமலாப நிதியும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல், குற்றம் சாட்டாமல்: "என் கணக்கில் இந்த மாதங்கள் காணப்படவில்லை, சரிபார்த்துத் தர முடியுமா?" பல இடங்களில் இதுவே போதும்.

போதாவிட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியே போவதைவிட அதே குறை உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள். அப்போது யாரையும் தனியாகக் குறிவைப்பது கடினம்.

இரண்டு வருடத்தில் வெளிநாடு போகப்போகிறேன். இதெல்லாம் எனக்குத் தேவையா?

உங்களுக்குத்தான் சில விடயங்கள் கூடுதலாகத் தேவை. நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர்கள் சேமலாப நிதியை முழுதாக மீளப் பெறலாம். எனவே மேலே சொன்ன அடிப்படைச் சம்பளக் கணக்கு உங்கள் விமான டிக்கெட்டாகத் திரும்பி வரும். பிணைமுறியின் காலத்தை உங்கள் திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். ஐந்து வருடம் முடியாமல் போனால் பணிக்கொடை இல்லை என்பதால், அதற்கு ஈடாக இப்போதே பயிற்சியையோ சம்பளத்தையோ கூட்டிக் கேட்கலாம். போகப்போவதை நேர்முகத் தேர்விலேயே அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நேராகக் கேட்டால் பொய்யும் சொல்லாதீர்கள்.

அதோடு அனுபவக் கடிதம் பற்றிச் சேரும்போதே பேசுங்கள். வெளிநாட்டு வேலைக்கு "நல்ல ஊழியர்" என்று நான்கு வரி எழுதித் தந்த கடிதம் போதாது. எந்தப் பிரிவு, எத்தனை கட்டில்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்புகள், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்று விவரமாக இருக்க வேண்டும். விலகும் நாளில் இதைக் கேட்டால் கோபத்தில் தாமதிப்பார்கள். ஒவ்வொரு முறை பிரிவு மாறும்போதும் பழைய பிரிவின் பொறுப்புத் தாதியிடம் கையெழுத்துடன் ஒன்று வாங்கி, வீட்டில் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.